இரவல் வாயும் ஆபிரிக்க விருந்தாளிகளும்

மேடை மொழிபெயர்ப்பாளன் கூட்டம் முழுக்கப் பேசுகிறவன்; ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு சொல்கூட அவனுடையது கிடையாது. அடுத்தவருக்கு வாயை இரவல் கொடுத்துப் பிழைக்கும் என் தொழில் சகோதரர்களே, விருந்தாளி கண் கலங்கும்போது ஒரு கையால் தண்ணீர்ப் போத்தலைத் தேடிக்கொண்டே அவருடைய துக்கத்தையும் சொல்லி முடித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். கைதட்டல் அவருக்குப் போகும். தொண்டை நமக்குக் கட்டும்.

யுத்தம் முடிந்த பிறகு சில வருடங்களாகப் புத்தளக் கரையோரத்தில் எனக்கு ஒரே மாதிரியான வேலை வந்துகொண்டிருந்தது. கொழும்பிலிருந்த ஓர் அமைப்பு, ஆபிரிக்க நாடுகளில் ஊரை விட்டுத் துரத்தப்பட்டுப் பிறகு திரும்பிப் போனவர்களை அழைத்து வந்து இங்கே பேச வைத்தது. கேட்க வருகிறவர்கள் தொண்ணூறில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளம் வந்த முஸ்லிம்கள். "ஆபிரிக்க அனுபவமும் அபிவிருத்தியும்" என்று பதாகை கட்டுவார்கள். நானும் அப்படி விரட்டப்பட்டு வந்தவன்தான். மன்னார் மாவட்டத்தில் முசலிப் பக்கம் என் ஊர். உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். இப்போது மதுரங்குளியில் இருக்கிறேன்.

பதாகையைப் பார்த்து வந்தவர்கள்

முதல் கூட்டம் மதுரங்குளியில். மண்டபம் கொள்ளாத சனம். அமைப்பாளர்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆபிரிக்க விவகாரத்தில் எங்கள் ஆட்களுக்கு இவ்வளவு ஆர்வமா என்று என்னிடமே கேட்டார்கள். பாதிப் பேர் கையில் அடையாள அட்டையோடு வந்திருந்தார்கள். பதாகையும் மைக்கும் இருந்தால் அது நிவாரணம் அல்லது வீட்டுத் திட்டம் என்பதுதான் அகதி வாழ்க்கை எங்களுக்குப் படிப்பித்த பாடம்.

புருண்டியிலிருந்து வந்த காணி அதிகாரி, திரும்பி வந்தவரும் இடையில் குடியேறியவரும் ஒரே காணிக்கு உரிமை கேட்டால் எப்படித் தீர்ப்பது என்று விளக்கினார். நல்ல பேச்சு. ஒரு மணி நேரம் வியர்க்க வியர்க்கத் தமிழில் சொன்னேன். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றதும் முன் வரிசையிலிருந்த தையற்கடைக்காரர் எழுந்தார். அவர் முகத்தில் கேலி துளியும் இல்லை. யோசித்துப் பார்த்து, மரியாதையாக மறுக்கிற மனிதரின் முகம் அது. "வீடு தாறது சந்தோஷம் சேர், ஆனா ஆபிரிக்கா எங்களுக்குத் தூரம், முசலியில தந்தாப் போதுமெண்டு சொல்லுங்க."

தலைப்புக்கு வெளியே

அதே கூட்டத்தில் அடுத்து எழுந்தவர் சுபைதா தாத்தா. எங்கள் பேச்சில் அக்காவைத் தாத்தா என்போம், அண்ணனைக் காக்கா என்போம். என் ஊர்க்காரி, கணவர் மௌத்தாகிப் பல வருடம், கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை. மகன் முசலிக்குப் போய்க் காணியில் காடு வெட்டத் தொடங்கியிருந்தான். மகள் இங்கேயே கல்யாணம் முடித்துப் பிள்ளைகளோடு இருந்தாள். மகனோடு போவதா, மகளோடு இருப்பதா என்பது தாத்தா முடிவெடுக்கவேண்டிய விஷயம். அந்த முடிவை ஒரே ஒரு கேள்வியில் கட்டி வைத்திருந்தார்.

"இங்க எங்கள அகதி எண்டு சொல்றாங்க. அங்க போனா புத்தளத்தாள் எண்டு சொல்றாங்க. உங்கட நாட்டுலயும் அப்படித்தானே சொல்லியிருப்பாங்க? அந்தப் பேர் எப்ப போகும்?" இதுதான் கேள்வி. நான் ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுப்பதற்குள், கொழும்பிலிருந்து வந்த கூட்டத் தலைவர் கையை உயர்த்தினார். கேள்வி தலைப்புக்கு வெளியே போகிறது, நேரமும் போதாது என்றார். அதைத்தான் நான் தாத்தாவுக்குச் சொல்லவேண்டியிருந்தது. என் வாயால் வந்ததால் அது என் தீர்ப்பு மாதிரியே கேட்டது. தாத்தா கோபப்படவில்லை, முந்தானையைச் சரி செய்துகொண்டு மெதுவாகக் கேட்டார்: "ஏன் தம்பி, ஆபிரிக்காவுல ஆக்களுக்குப் பேர் வெக்கிறல்லையா?"

மரம் முளைத்த அடுப்படி

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. விருந்தாளி "நான்" என்றால் நாமும் "நான்" என்றே சொல்லவேண்டும். "அவர் சொல்கிறார்" என்று இடையில் நுழையக்கூடாது. பழகிவிட்டால் அது பெரிய விஷயமே இல்லை. அடுத்தவர் கதை நம் கதையாகாதவரைக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு உகண்டாவிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். முகாமில் கிழவராகி ஊர் திரும்பியவர். மெல்லப் பேசினார். நானும் மெல்லச் சொன்னேன்: "நான் ஊருக்குத் திரும்பிப் போனேன். வீட்டுக்குக் கூரை இல்லை. அடுப்படியில் ஒரு மரம் முளைத்து நின்றது. வெட்ட மனம் வரவில்லை. நான் இல்லாத காலத்தில் என் வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்." இதைச் சொன்ன நான் அதுவரை என் ஊருக்கு ஒருமுறைகூடப் போயிருக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் மீன் வியாபாரி ஹனிபா காக்கா நேரே என்னிடம் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். விருந்தாளி பக்கத்தில்தான் நிற்கிறார், அவரைப் பார்க்கவே இல்லை. எப்ப போனாய், என்ட வீட்டு வளவு எப்படிக் கிடக்கிறது, பள்ளிவாசல் நிற்கிறதா என்று கேள்விக்கு மேல் கேள்வி. அது நானில்லை காக்கா, இவருடைய கதை என்று விளங்கப்படுத்தினேன். கையை எடுக்காமலே என் முதுகில் தட்டினார். "பரவாயில்லடா தம்பி, நீ சொல்லச் சொல்ல நான் ஒருக்காப் போய்ட்டு வந்திட்டன்."

களப்புக்கு வந்த கென்யாக்காரர்

களப்பு என்று நாங்கள் சொல்லும் உப்பங்கழியோரம், முந்தலில் நடந்தது மீன்பிடிப் பேச்சு. கென்யாக் கரையின் மீனவர் சங்கத்து ஆள் ஒருவர் படம் போட்டுக் காட்டினார். உப்புநீர்க் கரையில் வளரும் கண்டல் மரங்களை வெட்டி இறால் பண்ணை போட்டது, சில வருடம் பணம் கொட்டியது, நோய் வந்தது, பண்ணைக்காரர் போனது, உப்பேறிய குழிகள் மிஞ்சியது. ஒவ்வொரு படத்துக்கும் சபை தலையாட்டியது. வெளியே ஜன்னலுக்கு அப்பால் அதே மாதிரிக் குழிகள், தண்ணீர் வற்றிக் கிடந்தன. நான் எதை மொழிபெயர்க்கிறேன் என்று எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பின் வரிசையில் அந்தோனி எழுந்தார். களப்பில் வலை போடுகிறவர். தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் போய்த் தமிழில் முடிப்பார். குத்திப் பேசப் போகிறார் என்று பயந்தேன். அவர் கேட்டது வேறு. அந்தக் குழிகளில் பிறகு எதை நட்டீர்கள், எது பிடித்தது? கென்யாக்காரர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு நேரே அவரைப் பார்த்தார். கண்டல் கன்று வைத்தோம், பாதி செத்தது, மறுபடி வைக்கிறோம் என்றார். சபையில் அன்றைக்கு உண்மையான பேச்சு அதுதான். சுபைதா தாத்தாவும் பஸ் ஏறி வந்திருந்தார். அவர் எழுந்தபோது இது மீன்பிடிக் கூட்டம் என்று உட்காரச் சொல்லிவிட்டார்கள். வெளியே தேநீர் குடிக்கும்போது அந்தோனி என் பக்கம் சாய்ந்தார். "எங்கட கஷ்டத்த வேற ஒரு மனுசன் பிளேன்ல ஏறி வந்து சொன்னாத்தான் கதிரை போட்டுக் கேக்குறாங்க, சேர்."

மூன்று வாய்

பிறகு வந்தவர் ஐசத்தா. மொரித்தானியா நாட்டுப் பெண், ஐம்பது வயதிருக்கும், தலையைச் சுற்றிப் பெரிய நீலச் சேலைத் துணி. எங்களுக்கு ஒரு வருடம் முன்னால் அவருடைய ஆட்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுத்த நாட்டுக்குள் துரத்தியிருக்கிறார்கள். அவர்களும் முஸ்லிம்கள், துரத்தியவர்களும் முஸ்லிம்கள். இருபது வருடத்துக்குக் கிட்டப் போனபிறகு ஊர் திரும்பியிருக்கிறார். கேட்டதும் சபை நிமிர்ந்து உட்கார்ந்தது.

கஷ்டம் என்னவென்றால் அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் பிரெஞ்சில் சொல்ல, கொழும்பிலிருந்து வந்த, பிரெஞ்சு படித்த ஒரு பிள்ளை ஆங்கிலமாக்க, நான் தமிழாக்கவேண்டும். ஐசத்தா மூச்சுவிடாமல் சொல்வார். அந்தப் பிள்ளையிடம் அது பாதியாகும். என்னிடம் வரும்போது அறிக்கை வாசிப்பது போலிருக்கும். கண்ணீர் ஒன்றுதான் மொழிபெயர்ப்பில்லாமல் வந்தது.

அன்றைக்குத் தாத்தாவுக்கு ஒரு வழியாகச் சந்தர்ப்பம் கிடைத்தது. பேர் எப்ப போகும் என்ற கேள்வி மூன்று வாய் கடந்து போனது. ஐசத்தா தாத்தாவையே பார்த்துக்கொண்டு நீளமாக, கையை ஆட்டி, கம்பி இழுப்பது போல ஏதோ காட்டிப் பதில் சொன்னார். நண்பகல் லுஹர் தொழுகைக்கு அழைக்கும் அதான் பள்ளிவாசலிலிருந்து கேட்கத் தொடங்கிவிட்டது. தலைவர் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். அவசரத்தில் அந்தப் பிள்ளை சொன்ன ஒரே வரியைத்தான் நான் தாத்தாவிடம் கொடுக்க முடிந்தது: அது ஒரு நீண்டகாலச் செயன்முறையாம். தாத்தா என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. "அவ்வளவு கதைச்சதுக்கு இவ்வளவுதானா தம்பி? மிச்சத்த எங்க வெச்சிட்டு வந்தீங்க?"

மறைப்புக்கு அந்தப் பக்கம்

தொழுகைக்குப் பிறகு சாப்பாடு. பெரிய சஹன் தட்டைச் சுற்றி நாலைந்து பேர் இருந்து ஒரே தட்டில் சாப்பிடுவது எங்கள் வழக்கம். ஆண்களுக்கு ஒரு பக்கம், இடையில் சீலை மறைப்பு, அந்தப் பக்கம் பெண்கள். கொழும்பு ஆட்களுக்குத் தனியாக மேசையும் கரண்டியும் போட்டார்கள். பிரெஞ்சு படித்த பிள்ளையும் அங்கே போய்விட்டார். ஐசத்தாவையும் மேசைக்குத்தான் கூப்பிட்டார்கள். அவர் சஹனைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் போய் உட்கார்ந்தார். அவர்கள் ஊரிலும் ஒரே பாத்திரத்தைச் சுற்றித்தான் சாப்பாடாம். பக்கத்தில் சுபைதா தாத்தா.

நான் அந்தப் பக்கம் போக முடியாது. மறைப்புக்கு இந்தப் பக்கம் சோற்றைப் பிசைந்துகொண்டு காதைக் கொடுத்துக் கேட்டேன். முதலில் சிரிப்பு. பிறகு பெண்கள் மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ரிஸ்வானா ஆலிமாவின் குரல், அரபியில், தட்டுத் தடுமாறி. அரபி நடமாடும் நாட்டுக்காரியான ஐசத்தா அரபியிலேயே பதில் சொல்கிறார். கிதாபு படிக்கவே அரபி கற்ற ஆலிமா, அன்றைக்குத்தான் முதன்முதலாக அதில் ஒரு மனுஷியோடு கதைத்திருப்பார். பிறகு குரல்கள் தாழ்ந்தன. யாரோ அழுதார்கள். என் வாழ்க்கையில் அந்த அளவுக்கு நான் வேலையற்றவனாக உணர்ந்ததில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது தாத்தாவே சொன்னார். "அவ ஊருக்குப் போன உடன முதல் வேலையா முள்ளுக்கம்பி வேலி அடிச்சாவாம். காணிய இழந்தவ தானே, ஆசையில அடிச்சிட்டா. பக்கத்து ஆக்கள் ஆத்துக்குப் போற பாதை அந்த வேலிக்குள்ள மாட்டிக்கிட்டுது. அண்டையில இருந்து அவக்குக் கம்பிக்காரி எண்டு பேர். பொறகு கம்பியக் கழட்டியும் பேர் போகல்லையாம். எப்ப போகுமெண்டு கேட்டேன். போகாது எண்டா." இத்தனை கூட்டம் ஏறி இறங்கி இதைக் கேட்கவா? அப்ப முசலிக்குப் போகப்போவதில்லையா என்று கேட்டேன். தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போகத்தான் போறன் தம்பி, இவ்வளவு ஆக்கள் வந்தாங்க, தான் விட்ட பிழைய இவ ஒருத்திதான் சொன்னா."

கடப்பு

அடுத்த வருடம் ஒரு வேலையாக மன்னார் போனவன் முசலிக்கும் போனேன். ஊர் முழுக்க வேலி. வீடு எழும்பாத வளவுகளிலும் கம்பி பளபளத்தது. திரும்பி வருகிற எங்கள் ஆட்கள் எல்லாரும் முதலில் செய்கிற காரியம் அது. வேலி இருந்தால்தான் காணி தங்களுடையது என்று நெஞ்சு நம்பும். சுபைதா தாத்தாவின் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் பாதையில் நின்றேன். யுத்த காலத்தில் வேறிடத்திலிருந்து ஓடி வந்து அங்கே குடியிருக்கும் தமிழ்ப் பெண் ஒருவர் குடத்தோடு வந்தார். கேட்டேன். "புத்தளத்து அக்கா வீடோ? என்னோட வாங்கோ அண்ணா, நானும் அங்கதான் தண்ணிக்குப் போறன்" என்றார்.

தாத்தா வளவிலும் வேலி இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் வீட்டுப் பக்கம் ஆள் நுழையத் திறப்பு விட்டுக் கடப்பு வைத்திருந்தார்கள். அதனால் கிணற்றுக்குப் போகும் பழைய பாதை அப்படியே இருந்தது. மகன் முழுக்க அடைக்க நின்றானாம். கடப்பு வைக்கும் வரைக்கும் ஒரு கட்டையும் நட விடமாட்டேன் என்று தாத்தா பாதையில் குந்திவிட்டாராம். மகளும் பிள்ளைகளும் மதுரங்குளியில்தான். அதைச் சொல்லும்போது முகம் வாடியது. அந்தப் பெண் சொன்ன பேரைச் சொல்வதா விடுவதா என்று நான் தயங்கியதைத் தாத்தா கண்டுபிடித்துவிட்டார்.

"புத்தளத்து அக்கா எண்டு சொல்லியிருப்பாவே? ஐசத்தா சொன்னது சரிதான், பேர் போகல்ல. ஆனா அவட சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தா அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டு ஓடி வாறா." தேநீரை என் கையில் தந்துவிட்டு, வேலிக்கு அப்பால் மரங்கள் மண்டிக் கிடந்த ஒரு வளவைக் கையால் காட்டினார். அது என் வாப்பாவின் காணி. "அது இன்னும் காடாத்தான் கிடக்கு. நீங்க எப்ப வாறீங்க தம்பி?"

எத்தனையோ பேருக்காக மேடையேறி "நான் ஊருக்குத் திரும்பிப் போனேன்" என்று சொல்லிப் பழகிய இந்த வாய், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மதுரங்குளியில் இருந்துகொண்டு இன்னும் மொழிபெயர்ப்பாளர் தேடிக்கொண்டிருக்கிறது.