சீனியருக்கு வாரம் இரண்டு வகுப்பு

படித்த இடத்தைத் திரும்பப் போய்ப் பார்க்காமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிற ஆள் நான். அலுவலக வேலையாக அந்தப் பக்கம் போகவேண்டி வந்து, வேலையும் சீக்கிரம் முடிந்து தொலைத்ததால்தான் காரைப் பல்கலைக்கழகத்தின் பின்வாசல் தெருவுக்குத் திருப்பினேன். நாங்கள் ஜெராக்ஸ் எடுத்த கடையில் செல்போன் உறைகள் தொங்கின. சாப்பிட்ட மெஸ் உடற்பயிற்சிக் கூடமாகியிருந்தது. நாங்கள் ஏற்றிய உடம்பை இப்போது அதே இடத்தில் இறக்குகிறார்கள். மாறாமல் இருந்தவை தெருக்கோடி மாடிவீடும், அதன் இரும்புப் படியில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த சீனியரும்தான்.

"வாடா. இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றார்.

நான் விடுதியில் சேர்ந்தபோதே அவர் புள்ளியியலில் ஆராய்ச்சி மாணவர். ஆய்வேடு முக்கால்வாசி முடிந்த நேரம் பார்த்து அவருடைய நெறியாளர் இறந்துபோனார். அடுத்து வந்தவர், தலைப்பே சரியில்லை, முதலிலிருந்து ஆரம்பி என்றார். சீனியரும் ஆரம்பித்தார். அந்த நெறியாளரும் பாதியில் வேறு நாட்டில் வேலை கிடைத்துப் பறந்துவிட்டார். நடுவில் அப்பா படுத்த படுக்கையாகி, அந்த அலைச்சலில் பதிவுக் காலமே முடிந்துபோயிற்று. துறையில் பாவம் பார்த்து முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் இல்லை என்றே ஆகிவிட்டது. கூட இருந்த நாங்கள் எல்லோரும் ஏதேதோ ஆனோம். இவர் சீனியராகவே இருந்துவிட்டார்.

அறைக்குள் கட்டில் பாதி, புத்தகம் பாதி. ஜன்னல் கம்பியில் துண்டு காய்ந்தது. புத்தகங்களை ஒதுக்கி எனக்கு இடம் போட்டார். அவர் உட்கார்ந்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன். விடுதிப் பழக்கம், தலை நரைத்தும் விடவில்லை. சீனியர் நிற்கும்போது ஜூனியர் உட்காரக் கூடாது. சீனியர் பேசும்போது குறுக்கே வாயைத் திறக்கக் கூடாது. பதிலுக்குச் சீனியர் ஜூனியரிடம் எதையும் கேட்டு வாங்கக் கூடாது. எங்கள் விடுதியில் அது சட்டம் மாதிரி.

"வர்ற வருஷம் கிளாஸ் உண்டா இல்லையான்னு தெரியலடா," என்றார் ஊசியைப் பார்த்தபடி. "கிளாஸ் இல்லன்னா யூனிவர்சிட்டி ஐடி கார்டு இல்ல. கார்டு இல்லன்னா வீட்டுக்காரம்மா ரூம காலி பண்ணச் சொல்லிடுவாங்க. யூனிவர்சிட்டி ஆளுங்களுக்குத்தான் அவங்க வாடகைக்கு விடறது."

"அப்புறம் எங்க போவீங்க?"

"அக்கா வீட்டுக்குத்தான். நான் தும்மினாக்கூட மச்சான் அக்காவைத்தான் திட்டுவாரு. போனதடவ நாலு நாள் இருந்தேன். நான் கிளம்பறப்ப அக்காவே சீக்கிரம் கிளம்புடான்னா." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது துறைத்தலைவர் என்னோடு படித்த மொட்டை. அந்தக் காலத்தில் தலை கொள்ளாத முடி இருந்ததால் கிண்டலுக்கு வைத்த பெயர், இப்போது பொருத்தமாகிவிட்டது. அவனைப் பாஸாக்கியதே சீனியர்தான், விடிய விடிய உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்து.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுபோச்சு," என்றேன்.

"கேக்கணும்னுதான் தினம் போறேன். கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பிடறேன். நீ கூட வந்தா கேட்டுடுவேன்."

தைத்த சட்டையையே போட்டுக்கொண்டு வந்தார். நூலகத்துக்குக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். நாங்கள் அரட்டை அடித்த மரத்தடியில் பைக்குகள் நின்றன. அவர் எதையும் பார்க்கவில்லை. கேட்கவேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

எங்களைக் கண்டதும் மொட்டை எழுந்துவிட்டான். "வாங்க சீனியர், உக்காருங்க சீனியர்." சீனியர் உட்காரும்வரை மேசைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அதைப் பார்த்ததும் சீனியரின் முதுகு நிமிர்ந்துவிட்டது.

டீ வந்தது. மொட்டைதான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். "சீனியர், அந்த ரெண்டு கிளாஸ் விஷயம். இப்ப படிச்சு முடிச்ச ஒரு பொண்ணு கேக்குது. மேலயும் அதுக்கே குடுங்கன்னு சொல்றாங்க. ஆனா உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, நான் மேல பேசிக்கறேன். இன்னிக்கு நான் முடிவு சொல்லியாகணும்."

வேணும் என்று ஒரு சொல் போதும். சீனியர் டீயை ஒரு வாய் குடித்தார்.

"எனக்கு எதுக்குடா? அக்கா வேற வந்து இருன்னு உயிர எடுக்கறா. அந்தப் பொண்ணுக்கே குடு. சின்னப் பிள்ளைங்க வரட்டும்."

நான் வாயைத் திறந்தேன். சீனியர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். விடுதி மாடிப்படியில் பார்ப்பாரே, அதே பார்வை. ஐம்பது வயதுக்காரன், வீட்டில் பிள்ளைகளை அதட்டுகிறவன், கப்பென்று வாயை மூடிக்கொண்டேன். அழுகையாகவும் வந்தது, அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது.

மொட்டைக்கு முகம் தெளிந்துவிட்டது. "நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு தெரியும் சீனியர். அவ்வளவு பெரிய மனசு." எங்கள் முன்னாலேயே போனை எடுத்து அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி முடித்துவிட்டான். சீனியர் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, "உனக்கு எதாவது உதவி வேணும்னா தயங்காம கேளுடா," என்று அவன் தோளில் தட்டினார்.

வெளியே வந்ததும் கேட்டேன், "நான் திரும்பிப் போய்ச் சொல்லட்டுமா? ஒரு நிமிஷம் ஆகாது."

"என்னன்னு சொல்லுவ?"

என்ன சொன்னாலும் மொட்டைக்கு முன்னால் அவர் கையேந்தி நின்றதாகத்தான் ஆகும். பின்வாசல்வரை நடந்தோம். காரருகே வந்ததும் அவர் நின்றார்.

"இதுல டிக்கி பெருசாடா?" என்றார். "துணிமணி ஒண்ணும் பெருசா இல்ல. புத்தகம்தான் கொஞ்சம் நிறைய."