அத்தானின் நடுவகிடும் இடப்பக்கப் பல்லும்

என் அக்காவின் கணவருக்கு முடி திருத்துவது தொழில். கடையில் நாற்காலிகள் இரண்டு. சுவரை அடைத்த கண்ணாடி ஒன்று. அவருடைய மேல்வரிசைப் பற்களின் நடுக்கோடு மூக்குக்கு நேரே வராமல் மூன்று மில்லிமீட்டர் வலப்புறம் ஒதுங்கியிருந்தது. இவ்வளவும் ஐயத்துக்கு இடமற்றவை.

வாடிக்கையாளர்கள் சிலர், நடுவகிடு கோணல் என்றார்கள். வகிடு நேர்தான், அதற்கு மேலே கண்ணாடியில் தெரியும் தம் பல்தான் கோணல், அதுவே அவர்கள் கண்ணை ஏமாற்றுகிறது என்பது அத்தானின் வாதம்.

“கை செஞ்ச தப்புக்குப் பல்லு மேல பழி போடுறீங்களே!” என்றாள் அக்கா.

“பல்லை நேராக்கிக் காட்டுறேன். அப்புறம் எவன் வாயைத் திறக்கிறான்னு பாக்கலாம்.”

“முதல்ல நீங்கதானே திறக்கணும்!”

பல் மருத்துவரான அம்மையார் எக்ஸ்ரே படத்தின் வலப்பக்கத்தில் ஒரு பல்லைத் தொட்டுக் காட்டினார். “இதை மட்டும் எடுத்துட்டுக் கம்பி போட்டா, முன்பல்லெல்லாம் இந்தப் பக்கம் நகர்ந்து நடுவுக்கு வந்துடும்.”

“ஒரு பக்கம் மட்டுமா? ஒத்தைக் கிருதாவை வழிச்ச மாதிரி ஆயிடுமே டாக்டர்!”

“ரெண்டு பக்கமும் எடுத்தா கோணல் அப்படியே பின்னாடி போகும். பரவாயில்லையா?”

அத்தான் அடங்கினார். ஆயினும் ஒரு பிழை நேர்ந்தது. எக்ஸ்ரே படம் எதிரே நிற்கும் ஆளைப் போன்றது. அதில் வலப்பக்கம் தெரிவது நம்முடைய இடப்பக்கம். அத்தானோ ஆயுள் முழுதும் கண்ணாடியில் முகம் பார்த்தவர். ஆகவே ஒரு வாரம் தம் வலப்பக்கப் பல்லைத் தடவித் தடவி விடைகொடுத்தார். போகிற பல்லுக்கு எதற்குச் சிரமம் என்று இடப்பக்கமாகவே மென்றார்.

இடப்பக்க ஈறருகே ஊசி வந்ததும் துள்ளி எழுந்தார். “ஐயோ, அது இருக்கப்போற பல்லு! போற பல்லு இந்தப் பக்கம்!”

“அதை எடுத்தா கோணல் இன்னும் கூடிடும்,” என்ற மருத்துவர், படத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். “இது கண்ணாடி இல்லீங்க. உங்க எதிர்ல நிக்கிற ஆளு.”

அத்தான் படத்துக்குக் கைகொடுப்பதுபோல் வலக்கையை நீட்டிப் பார்த்தார். புரிந்தது. இடப்பக்கப் பல் போயிற்று.

கம்பி கழன்ற மறுநாள், பழைய வாடிக்கையாளர் ஒருவருக்கு வகிடு எடுத்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். பல் நட்டநடுவே இருந்தது. வகிடுதான் அதைவிட்டு ஒதுங்கியிருந்தது. சிரிப்பை மூடிக்கொள்ளாமலே சீப்பை எடுத்து, பல்லுக்கு நேரே புது வகிடு எடுத்தார்.

“என்னங்க, கை தவறிடுச்சா? இத்தனை வருஷமா நேரா எடுத்தீங்க. இன்னைக்குன்னு பாத்துக் கோணிக்கிச்சே!” என்றார் வந்தவர்.

வாயில் கம்பி இருந்தது இரண்டு ஆண்டுகள். வகிடு கோணலாக இருந்தது இருபத்தாறு ஆண்டுகள்.