சித்தப்பாவின் பெயரை இடாப்பில் ஏற்றிய கதை

களனி ஆறு பெருகி, கிராண்ட்பாஸ் தெருவில் வள்ளம் ஓடுகிறது என்று கேள்விப்பட்ட காலையில் எனக்கு வந்த சந்தோஷம் இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அன்று கணக்குச் சோதனை. எனக்கு ஒன்பது வயது. ஏழாம் வாய்ப்பாடு மட்டும் தலைக்குள் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. கொட்டாஞ்சேனை மேட்டில் இருந்த எங்கள் கோயில் பள்ளிக்கூடத்தில் வெள்ளத்துக்குத் தப்பி வந்தவர்களை இருத்தியிருக்கிறார்கள், இனி எப்போது திறக்கும் என்று தெரியாது என்று அப்பா வந்து சொன்னதும் நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன்.

யுத்தம் முடிந்தும் அரிசிக்குக் கூப்பன் இருந்த காலம் அது. வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று அப்பா தினமும் பேப்பர் பார்த்துச் சொல்லுவார். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. வெள்ளம் வந்ததுதான் பெரிய விஷயம். தெருவில் வள்ளம்! அதைப் பார்க்கவேண்டும் என்று நிலைகொள்ளாமல் துடித்தேன்.

பின்னேரம் சித்தி வந்து சேர்ந்தார். சித்தி அம்மாவின் தங்கை. கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் இடத்தில் சித்தப்பாவுக்குக் காவல் வேலை, வீடும் பக்கத்தில்தான். விடியற்காலையில் தண்ணீர் உள்ளே வந்தபோது சித்தியையும் ஐந்து மாதக் குழந்தையையும் ஒரு வள்ளத்தில் ஏற்றி மேட்டில் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக் கிழவனையும் கிழவியையும் கூட்டிவரச் சித்தப்பா அதே வள்ளத்தில் திரும்பிப் போனார். அதன்பிறகு அவரைக் கண்டவர் இல்லை. வள்ளம் கவிழ்ந்தது என்று சிலர் சொன்னார்கள். ஆற்றோடு போனது என்று சிலர் சொன்னார்கள். உடலும் கிடைக்கவில்லை.

சித்தி அலுமாரிக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார். அழவில்லை, பேசவில்லை. சோற்றை வைத்தால் வைத்தபடி இருந்தது. இரண்டாம் நாள் பால் வற்றிப்போய்க் குழந்தை வீரிட்டுக் கத்தத் தொடங்கியது. டிஸ்பென்சரி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இவவை எப்பிடியாவது அழ வையுங்கோ. சாப்பிடாமல் இப்பிடியே இருந்தா தாயும் தப்பாது, பிள்ளையும் தப்பாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு ஆரம்பித்தது எங்கள் வீட்டில் அழவைக்கும் வேலை. அடுத்த தெருப் பெரியம்மா வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தபடி உள்ளே வந்தார். ஒரு மணித்தியாலம் அழுது, தொண்டை கட்டி, இரண்டு கோப்பைத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். பங்குச் சுவாமி வந்து செபமாலை சொன்னார். எதிரில் கடை வைத்திருந்த முஸ்லிம் காக்கா ஓதிய தண்ணீர் ஒரு போத்தல் கொடுத்தனுப்பினார். யாரோ ஒருவர் கலியாணப் படத்தைக் கொண்டுவந்து சித்தியின் மடியில் வைத்தார். "அழு பிள்ளை, அவர் போயிட்டார், அழு" என்று வந்த எல்லோரும் சொன்னார்கள். சித்தி சுவரைப் பார்த்தபடி இருந்தார். வந்தவர்களுக்கு வைத்த பிஸ்கட்டில் மிஞ்சியதெல்லாம் எனக்கு வந்ததால், அழவைக்க இன்னும் ஆட்கள் வரமாட்டார்களா என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் இல்லாத நேரமெல்லாம் பள்ளிக்கூட கேற்றில்தான் தொங்கினேன். உள்ளே என் வகுப்பறையில் ஒரு குடும்பம் வாங்கு மேசைகளை அடுக்கிக் குடித்தனம் நடத்தியது. மணிக்கம்பத்தில் சீலை காய்ந்தது. முற்றத்தில் ஆள் உயரக் கிடாரத்தில் பருப்பு கொதித்தது. பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமை தாங்கவில்லை. ஆனால் பெயர் பதிந்தவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம். பேப்பர் தட்டுப்பாட்டில் பெரிய வாத்தியார் எங்களை வரவு கூப்பிடுகிற பள்ளிக்கூட இடாப்பிலேயே அவர்கள் பெயரையும் எழுதுவித்து, ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்குக் கூப்பிட்டார். பதில் இல்லாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்.

ஐந்தாம் நாள் காலையில் கேற்றடியில் ஒரு விஷயம் காதில் விழுந்தது. கைக்குழந்தையோடு நாலு பெயர் உள்ள குடும்பத்துக்கு ஒரு டின்பால். அதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. குழந்தைக்கும் பால், எனக்கும் உள்ளே போக வழி! வெள்ளவத்தையிலிருந்து தொண்டுக்கு வந்திருந்த ஒரு அண்ணா மேசை போட்டு எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு என்னைத் தெரியாது. நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய், கொலன்னாவையிலிருந்து வந்தோம் என்று சொல்லி, சித்தப்பா பெயர், சித்தி பெயர், குழந்தை பெயர், என் பெயர் என்று ஒப்புவித்தேன். டின்பாலோடு தின்ன ஒரு பணிஸும் தந்தார். பணிஸ் வீடு வந்து சேரவில்லை.

டின்னை அம்மாவிடம் நீட்டினேன். எங்கே எடுத்தாய் என்று அம்மா கேட்க, எனக்குப் பெருமை தாங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"சித்தப்பாட பேரையுமோ குடுத்தனி?" அம்மா அடிக்கக் கையை ஓங்கிவிட்டார்.

அப்போதுதான் அலுமாரிப் பக்கமிருந்து குரல் வந்தது. ஐந்து நாள் பேசாத குரல், கரகரத்து இருந்தது.

"அவற்ற பேரைக் கூப்பிடுவினமோ?"

"ஓம் சித்தி. ஆறு மணிக்கு. ஒருத்தரும் பதில் சொல்லாட்டி வெட்டிப்போடுவினம்."

சித்தி எழுந்தார். கால் மரத்துப்போய் அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ர சீலையை எடுங்கோ அக்கா" என்றார்.

ஆறு மணிக்குப் பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. சித்தியின் இடுப்பில் குழந்தை, சித்தியின் கை என் கையில். இடாப்பில் என் பெயரும் இருந்ததால் நான் நிமிர்ந்துதான் நடந்தேன். பெரிய வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கூப்பிடத் தொடங்கினார். "ஓம் சேர்" என்றார்கள் எங்கள் ஆட்கள். "இன்னவா மாத்தயா" என்றார்கள் சிங்களச் சனங்கள். பிறகு சித்தப்பாவின் பெயர், தகப்பன் பெயரோடு முழுதாக வந்தது.

வாத்தியார் இன்னொரு தரம் கூப்பிட்டுவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

"வரேல்ல சேர்" என்றார் சித்தி.

வகுப்பில் வராத பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளை சொல்லுகிற அதே மாதிரி. வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். "எங்க போனவர் அம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

சித்தி சொல்லத் தொடங்கினார். வள்ளம், தண்ணீர், பக்கத்து வீட்டுக் கிழவி, அவர் போகும்போது தலையில் கட்டிக்கொண்ட துவாய் எல்லாம் சொன்னார். கடைசியில் "உடன வந்திடுவன், பிள்ளையை நனைய விடாத எண்டு சொன்னவர் சேர்" என்றபோது சித்தியின் குரல் உடைந்தது. நிலத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். பெரியம்மாவின் ஒப்பாரியும் சுவாமியின் செபமாலையும் செய்ய முடியாததை நான் செய்துவிட்டேன் என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

வாத்தியார் பெயரை வெட்டவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அப்போது பின்னாலிருந்து ஒரு சிங்கள அம்மா எழுந்து, "மகே புதாகே நமத் லியன்ன மாத்தயா" என்றார். தன் மகனின் பெயரையும் எழுதச் சொல்லிக் கேட்டார். அடுத்து கொலன்னாவை முஸ்லிம் நானா ஒருவர், "எங்கட உம்மாட பேரும் எழுதுங்கோ சேர்" என்றார். வாத்தியார் இடாப்பில் புதுப் பக்கம் புரட்டினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் இருக்கிறவர்கள் பெயருக்குப் பிறகு வராதவர்கள் பெயர். உரியவர் எழுந்து, "வரேல்ல" என்று சொல்லி, மனதில் வந்ததைச் சொல்லுவார். சிங்கள அம்மாவின் மகன் ரயிலுக்கு டாட்டா காட்டாமல் சாப்பிடவே மாட்டானாம். சித்தப்பாவின் குறட்டையைப் பற்றிச் சித்தி சொன்னபோது மண்டபமே சிரித்தது, சித்தியும் சிரித்தார். பிறகு அந்த அம்மாவும் சித்தியும் ஒரே பீங்கானில் சோறு பிசைந்து சாப்பிட்டார்கள். சித்திக்குச் சிங்களம் அரைகுறை, அந்த அம்மாவுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் இருட்டும்வரை கதைப்பார்கள். குழந்தைக்குப் பாலும் திரும்ப ஊறியது.

நானோ அது பெயர் கூப்பிட்டு ஆளை வரவழைக்கிற வேலை என்றே நம்பினேன். அதிலிருந்து நாலாம் நாள் உம்மாவின் பெயரைக் கூப்பிட்டபோது நானா துள்ளி எழுந்து, "ஈக்கிறா சேர்! களனிப் பன்சலையில ஈக்கிறா, ஆள் வந்து சொல்லிட்டுப் போச்சு!" என்று கத்தினார். உம்மா களனிப் புத்த கோயிலில் உயிரோடு இருந்தாராம். மண்டபம் இடிந்துவிழுகிற மாதிரிக் கைதட்டல். எனக்குக் கேட்கவா வேண்டும்? அடுத்தது சித்தப்பாதான் என்று கணக்குப்போட்டுவிட்டேன். ஒவ்வொரு நாளும் அவர் பெயர் வரும்போது கதவைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி நின்றேன்.

பள்ளிக்கூடம் திறக்கப்போகிற தினத்துக்கு முதல்நாள் கடைசித் தடவையாகக் கூப்பிட்டார்கள். சித்தப்பாவின் பெயர் வந்தது. சித்தி எழுந்து, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"இல்ல சேர்" என்றார்.

வாத்தியார் இடாப்பை மூடிவிட்டு எழுந்து நின்றார். மண்டபத்தில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள். சிங்கள அம்மா வந்து சித்தியைக் கட்டிக்கொண்டார்.

எனக்கு வந்தது கோபம். சித்தியின் சீலையைப் பிடித்து இழுத்து, "வரேல்ல எண்டெல்லோ சொல்லவேணும், பிழையாச் சொல்லிட்டீங்கள்" என்றேன். "ஓம் பிள்ளை" என்று மட்டும் சொன்னார். சித்தப்பாவைச் சித்தி கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன். அவர் வருகிற நேரம் பார்த்து இப்படிச் செய்துவிட்டாரே என்று அழுகை முட்டியது. அந்தப் பிழையை நானாவது திருத்தவேண்டும் என்று, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பெரிய வாத்தியாரின் குரலில் சித்தப்பாவின் பெயரை முழுதாகக் கூப்பிட்டு, சித்தப்பாவின் குரலில் "ஓம் சேர்" என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டு நடந்தேன். எத்தனை தரம் என்று தெரியாது. சித்தி என் கையை விடவில்லை, நிறுத்து என்று சொல்லவுமில்லை.