தானாக ஓடும் தொட்டி

ஷார்ஜாவில் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைதோறும் பத்தரை மணிக்கு இட்லி ஏப்பத்தோடு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூடத்துக் கண்ணாடித் தொட்டியின் முன்னால் போய் நிற்பார் பாலமுரளி. விருந்தாளி நாற்காலியை விட்டு எழுந்து வரும்வரை வாயைத் திறக்க மாட்டார். வந்ததும் விளக்கைப் போடுவார். "பாருங்க. இதுக்கு நான் ஒரு வேலையும் பண்றதில்ல."

இதில் பொய் இல்லை. அவர் ஒரு வேலையும் செய்வதில்லை.

தொட்டி நான்கடி நீளம். அடியில் மணலோ கூழாங்கல்லோ கிடையாது. அலசுகிற வேலை மிச்சம். மூலையில் குமிழி விடும் பஞ்சு வடிகட்டி. மேலே மணிபிளாண்ட் கொடி. அதன் வேர்கள் தண்ணீரில் தொங்கி அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும். விளக்குக்கு ஒரு டைமர். சாய்த்து வைத்த மண்சட்டி ஒன்று. அதற்குள் சாம்பல் நிறத்தில் வெளிறிய பட்டைகளோடு, அண்ணன் சட்டையைத் தம்பி போட்டதுபோலத் தோல் தொளதொளக்க, விஷமில்லாத ஒரு தண்ணீர்ப் பாம்பு. கரையேறாது, சீறாது. பகலெல்லாம் சட்டிக்குள் கிடக்கும். மூச்சுக்கு மட்டும் எப்போதாவது மூக்கை மேலே நீட்டும். கூடவே நீந்தும் கப்பி மீன்கள்தான் அதற்குச் சாப்பாடு.

விற்றவர் நாலு தெரு தள்ளி மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் அதிராம்பட்டினத்து சுஐபு. "எங்க ஊர்ல வலையில மாட்டுனா தூக்கி வீசிருவோம் சார். ஷார்ஜாவுக்கு வந்தா இதுக்கும் ஏசி ரூம்" என்று சிரித்தார்.

பாலமுரளிக்கு துபாய்த் துறைமுகப் பகுதியான ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் பொறியாளர் வேலை. ஆள் தொடாமல் பெட்டிகள் நகரும் கன்வேயர்களைப் பார்த்துப் பார்த்து, ஒரு தத்துவத்தையும் அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். "சிஸ்டம் சரியா இருந்தா ஆள் எதுக்கு?" இதை அலுவலகத்தில் சொல்வார். திருமண நாளன்று ஓட்டலில் மனைவிக்கு எதிரே உட்கார்ந்தும் சொல்லியிருக்கிறார்.

அந்த சிஸ்டத்தின் கை, மனைவி நளினியுடையது. அவர் காலை ஆறு மணிக்கு வேலைக்கு வண்டியேறிய பிறகு அவள் பஞ்சைப் பிழிவாள், கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டுவாள், வற்றிய அளவுக்குத் தண்ணீர் விடுவாள், கப்பி தீர்ந்தால் சுஐபு கடையிலிருந்து பிளாஸ்டிக் பையில் வாங்கி வருவாள். முதல் மாதம் கூடத்துக்கு வரவே பயந்தவள். இப்போது விளக்கு அணைந்ததும் மூடியைத் திறந்தால், பாம்பு சட்டியை விட்டு வந்து அவள் விரலை முகர்ந்துவிட்டுப் போகிறது. பராமரிப்பே வேண்டாத பொருள் என்று யாராவது ஒன்றைக் காட்டினால், அதைப் பராமரிப்பவரை அவர் பார்த்ததில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் விடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கோடையில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கொதிக்கும். பச்சைத்தண்ணீருக்கான நீலக் குழாயைத் திறந்தால் கை வெந்துவிடும். அதனால் ஜூன் பிறந்ததும் ஹீட்டரை அணைத்துவிட்டு, அதற்குள் ஆறிக் கிடக்கும் தண்ணீரை வெந்நீருக்கான சிவப்புக் குழாயில் பிடித்துப் புழங்குவார்கள். வளைகுடாவில் வீடு நடத்துகிற எல்லாருக்கும் தெரிந்தது. நான்கு கோடைகளைக் கழித்த பாலமுரளிக்குத் தெரியாது. அவர் குளிக்கப் போகும்போது நளினி பிடித்து வைத்த வாளி நிரம்பியிருக்கும்.

தொண்ணூற்றைந்து ஜூலையில் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக நளினி நாற்பது நாள் திருச்சிக்குப் போக வேண்டிவந்தது.

"தொட்டிக்குச் சிவப்புக் குழாய்லதான் தண்ணி பிடிக்கணும். நீலத்துல பிடிச்சா வெந்து செத்துடும்."

"எதுக்குத் தண்ணி? அது பாட்டுக்கு ஓடும்."

"வாரத்துக்கு ரெண்டு தடவை பஞ்சை..."

"நளினி, ஆறு மாசமா நான் அதைத் தொட்டதே இல்ல. என்ன கெட்டுப் போச்சு?"

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் பாம்பை மூடி போட்ட வாளியில் விட்டு, சுஐபு கடைக்குத் தூக்கிப் போனாள்.

"நான் வர்ற வரைக்கும் வச்சிருங்கண்ணே. நடுவுல அவர் வந்து கேட்டா குடுத்துடுங்க."

"கேக்கலன்னா தங்கச்சி?"

அவள் வாளியின் மூடியை அழுத்திச் சரிசெய்தாள். "கேக்கலன்னா உங்ககிட்டயே இருக்கட்டும்."

"நீங்க வேற! சார் இன்னைக்கு ராவே ஓடியாந்துருவாரு பாருங்க."

வீட்டுக்கு வந்து, சலவை இயந்திரத்திலிருந்து அழுக்குத் தண்ணீர் வெளியேறும் குழாயைக் கழற்றினாள். சாம்பல் நிறம், வரிவரியாக மடிப்பு. சுருட்டிச் சட்டிக்குள் செருகி, ஒரு சாண் வளைவை மட்டும் வெளியே விட்டாள். இயந்திரத்தின் பக்கம் அவர் போகமாட்டார் என்று தெரியும். தொட்டி விஷயத்தில் இரண்டு நாள் ஏமாறுவார் என்றுதான் நினைத்தாள்.

முதல் வாரம் திருச்சியிலிருந்து போனில், "பாம்பு எப்படி இருக்கு?" என்றாள்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ். காலைல கூடப் பாத்தேன். சுருண்டு படுத்திருக்கு."

மூன்றாம் வாரம் அவர் குரலில் உற்சாகம் தாங்கவில்லை. "நளினி, ஒண்ணு கண்டுபிடிச்சேன். ஹீட்டர் குழாய்லதான் பச்சத்தண்ணி வருது! யாருக்காவது தோணுச்சா பாரு. ஆபீஸ்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

"அப்படியா" என்றாள் நளினி.

ஐந்தாம் வாரம் கப்பிகள் பெருகிவிட்டன. "முன்ன இவ்வளவு இருந்ததே இல்ல. நீ கையை வைக்காம விட்டதும் சிஸ்டம் செட்டில் ஆயிடுச்சு." தின்ன ஆளில்லாத மீன் பெருகாமல் என்ன செய்யும்?

வியாழக்கிழமை ஊரிலிருந்து வந்து இறங்கியதும் சுஐபுக்குப் போன் செய்தாள்.

"யாரும் வரல தங்கச்சி" என்றார் சுஐபு. சிரிக்கவில்லை. "அது இங்க நல்லாத் திங்குது."

மறுநாள் வெள்ளிக்கிழமை. பாலமுரளியின் அலுவலக நண்பர் ஸ்ரீனிவாசன், தன் வீட்டிலும் இப்படி ஒரு தொட்டி வைக்கும் ஆசையோடு வந்திருந்தார். தண்ணீர் முக்கால் தொட்டிக்கு இறங்கியிருந்தது. கண்ணாடியில் பாசி. பாலமுரளி விளக்கைப் போட்டார்.

"நாற்பது நாள் சார். வீட்ல ஆளே இல்ல. இதுக்கு ஏதாவது ஆச்சா?"

ஸ்ரீனிவாசன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "மூச்சு விட மேல வராதா?"

"தேவைப்பட்டா வரும். நம்மள மாதிரி அதுக்கு அவசரம் கிடையாது." பாம்பின் அமைதி கெடக்கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்பல்லாம் இன்னும் சாந்தமாயிடுச்சு."

நளினி தேநீர்த் தட்டை மேஜைமேல் வைத்தாள். தொட்டியின் மூடியை நகர்த்தி, முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, சட்டியிலிருந்து குழாயை உருவினாள். கப்பிகள் சிதறின. குழாயைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரை வடித்து, இரண்டு உதறு உதறி, குளியலறைக்கு எடுத்துப் போனாள். நாற்பது நாள் பனியன்களும் துண்டுகளும் அங்கே சலவை இயந்திரத்தைச் சுற்றிக் குவிந்து கிடந்தன. சற்று நேரத்தில் இயந்திரம் சுற்றத் தொடங்கும் சத்தம் கேட்டது.

ஸ்ரீனிவாசன் தேநீரை எடுக்கவில்லை. காலிச் சட்டியையும் நண்பர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

பாலமுரளி குனிந்து, டைமரின் முள் சரியாக ஓடுகிறதா என்று பார்த்தார்.