லுஹர் நேரத்துக் கம்பியூட்டர்

கலகெதரையில் கம்பியூட்டர் திருத்தும் இன்ஷாஃப் வீடுகளுக்குப் போவதில்லை. கணவர் மௌத்தானபின் துக்கத் தனிமையில் இத்தா இருக்கும் பரீஹா வெளியே வர முடியாததால் போனார்.

“அவருட போட்டோ எல்லாம் இதுக்குள்ளதான் தம்பி. மொகத்த ஒருக்காக் காட்டித் தாங்க,” என்றார் பரீஹா, அறை வாசலில் தொங்கிய சீலைக்குப் பின்னாலிருந்து.

இன்ஷாஃப் மெமரியைக் கழற்றி, அழிறப்பரால் தேய்த்து மாட்டினார். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. கொண்டுபோன மொனிட்டரிலும் அப்படித்தான். படம் தரும் கார்டை மாற்ற, மின்சாரத்தை அணைக்கவென்று சுவிட்சில் கைவைத்தபோது நண்பகல் லுஹர் தொழுகை நேரமானது. ஐவேளையும் ஒலிக்கவென்று கணவர் தன் குரலிலேயே பதிந்துவைத்த தொழுகை அழைப்பு, பாங்கு, ஸ்பீக்கரில் எழுந்தது. முடிவில் ஓர் இருமல், பிறகு ஸ்பீக்கரில் அதே குரல்.

“பரீஹா, கொஞ்சம் தண்ணி தாங்க.”

“இந்தா வாறன்.”

சீலை விலகியது. கிளாஸ் பிடித்த கை இன்ஷாஃபைத் தாண்டி, கறுத்த திரையை நோக்கி நீண்டது. சுவிட்சை அணைக்க இன்ஷாஃபுக்குத் துணிவு வரவில்லை.