தடுப்பூசி அட்டையில் வந்த கடல் சேதி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஊசிக்குப் பயந்து கரும்புத் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்த மீசைக்கார ஆம்பளைகளைக்கூடச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறேன். அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதே இல்லை. கோபப்பட்டதற்காக வெட்கப்பட்டது ஒரே ஒரு தடவைதான். கச்சிராயபாளையத்தில், எனக்கு வீடு கொடுத்தவர்களிடம்.

நான் பிறந்தது கடலூருக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில். கிராம நர்ஸ் வேலை கிடைத்ததும் என்னைத் தூக்கிக் கல்வராயன் மலையடிவாரத்தில் போட்டார்கள். கடல் வாசனையே இல்லாத ஊர். கிழக்கே பார்த்தால் கரும்பு, மேற்கே பார்த்தால் மலை. முதல் மாதம் முழுக்க எனக்குத் தூக்கமே வரவில்லை, அலைச் சத்தம் இல்லாமல். ஒரு கரும்பு விவசாயி வீட்டில் பின்கட்டு அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட. அவள் புருஷனை நான் அண்ணன் என்பேன். இரண்டு பேரும் என்னை நர்சம்மா என்பார்கள்.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. மழைக்காலத்தில் சாயங்காலச் செய்திக்கு அண்ணன் ரேடியோவை முடுக்கிவிட்டு, காதை அதன் மேலேயே வைத்துக்கொள்வார். வங்கக்கடலில் புயல் சின்னம் என்று சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியாயிற்று என்று செய்தியில் வந்ததோ இல்லையோ, அக்கா அடுக்களையிலிருந்து வெல்லம் எடுத்து வந்து ஆளுக்கொரு துண்டு வாயில் போடுவாள். அவர்கள் கடலையே பார்த்ததில்லை. கூண்டு என்றால் கோழிக்கூண்டு மாதிரி ஏதோ ஒன்று என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். புயல் கரைக்கு வந்தால் மலையில் மழை கொட்டும், கோமுகி அணை நிரம்பும், கரும்பு பிழைக்கும். அவர்களுக்குப் புயல் என்றால் அவ்வளவுதான்.

எங்கள் குப்பத்திலோ கூண்டு ஏறினால் அடுப்பே எரியாது. பொம்பளைகள் எல்லாம் கரையில் போய் நிற்போம். எந்தப் படகு வந்தது, எது வரவில்லை என்று எண்ணிக்கொண்டே நிற்போம். முதல் வருஷம் அக்கா வெல்லம் நீட்டியபோது நான் வாங்கிக்கொண்டேன், வாயில் போடவில்லை. அப்போது அப்பா கரையில்தான் இருந்தார். அதனால் சண்டை வரவில்லை.

இரண்டாம் வருஷம் வந்தது. இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். ஊருக்கு ஊர் ஒரு மரம், மரத்துக்கு ஒரு கூட்டம். பஸ் இல்லை, தபால் இல்லை, டெலிபோன் கம்பியும் அறுந்து கிடந்தது. எங்கள் ஊர் மரத்தில் அண்ணனும் காவல் இருந்தார். அந்தப் போராட்டத்தில் வேறு ஊர்களில் குடிசைகள் எரிந்தன, காலனி ஜனங்கள் பயந்து நடுங்கிக் கிடந்தார்கள். அதை மறைத்துவிட்டு எனக்கு நடந்த நல்லதை மட்டும் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். இரண்டும் நடந்தது.

மரம் சாய்வதற்கு முதல் நாள் எனக்கு வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அப்பா விசைப்படகில் தங்கலுக்குப் போகிறார் என்று குப்பத்தில் பக்கத்து வீட்டுப் பெண் எழுதியிருந்தாள். தங்கல் என்றால் கடலிலேயே மூன்று நான்கு நாள் தங்கி மீன் பிடிப்பது. போனால் சேதி சொல்ல வழியே கிடையாது. மூன்றாம் நாள் சாயங்காலம் ரேடியோவில் சொன்னார்கள்: புயல் வலுத்துவிட்டது, கடலூரில் ஏழாம் எண் கூண்டு, மீனவர்கள் யாரும் கடலுக்குப் போக வேண்டாம். போனவர்களுக்கு என்ன சொல்வது என்று அந்த ரேடியோவுக்குத் தெரியவில்லை.

நான் ரேடியோ முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அக்கா வழக்கம்போல வெல்லத்தோடு வந்து என் முன்னால் கையை நீட்டினாள்.

"எங்க அப்பா கடல்ல கெடக்காரு. நீங்க வெல்லம் துன்றீங்களா?"

அதோடு விட்டேனா? உங்கள் கரும்பு விளைய எங்கள் ஆட்கள் சாகணுமா என்றேன். மரத்தை வெட்டிப் போட்டு என்னை இங்கேயே அடைத்து வைத்துவிட்டீர்கள் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுதவே கூசுகிறது. அக்கா நீட்டிய கையை மடக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் அறையைச் சாத்திக்கொண்டேன்.

விடிந்ததும் அண்ணன் கதவைத் தட்டினார். திட்டத்தான் வந்திருக்கிறார், வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டு, பதிலையும் தயாராக வைத்திருந்தேன். அவர் வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தார்.

"கடலூர் வரைக்கும் ஊருக்கு ஊர் நம்ம ஆளுங்கதான் ரோட்ல குந்திக்கினு இருக்காங்க. சீட்டு ஒண்ணு எழுதிக் குடுங்க. மரத்துக்கு மரம் கை மாத்தி அனுப்பிடலாம்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வெள்ளைத்தாள் தேடப் பொறுமை இல்லை. பையில் இருந்த குழந்தைகள் தடுப்பூசி அட்டை ஒன்றை எடுத்து, பின்பக்கம் குப்பத்துப் பெயரும் அப்பா பெயரும் எழுதி, கரைக்கு வந்துவிட்டாரா, உடனே பதில் வேண்டும் என்று கேட்டேன். மழையில் நனையாமல் இருக்கப் பாலிதீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். அண்ணன் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அடுத்த மரம் வரைக்கும் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அன்று மத்தியானமே மழை பிடித்துவிட்டது. மலை கண்ணுக்குத் தெரியவில்லை. காற்று கரும்பை எல்லாம் படுக்கப் போட்டது. நான் ஒவ்வொரு ஊளைக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். அக்கா மூன்று வேளையும் சோற்றைக் கொண்டுவந்து கதவோரம் வைத்துவிட்டுப் போவாள். சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்பாள். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சண்டை போட மட்டும் வருகிற வாய் அது.

மறுநாள் அணை நிரம்பி வழிகிறது என்று ஊரே திரண்டு பார்க்கப் போனது. அந்த வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை விட்டது. முட்டளவு சேற்றில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வந்தார். பாலிதீன் பையை என் கையில் வைத்துவிட்டு நின்றார். அவருக்கும் படிக்கத் தெரியும். ஆனால் முடிச்சைப் பிரிக்கவே இல்லை.

பிரித்தேன். என் எழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. உயிரே போய்விட்டது. அட்டையைத் திருப்பினால், முன்பக்கம் தடுப்பூசிக் கட்டங்கள் முழுக்க எழுத்து!

கட்டம் போட்டிருந்தால் அதை நிரப்பியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் செல்லாது என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. 'பிறந்தவுடன்' என்ற கட்டத்தில் கள்ளக்குறிச்சிக்காரர்கள் எழுதியிருந்தார்கள்: மழை ஜாஸ்தி, சீட்டு மத்தியானம் வந்தது, அனுப்பிவிட்டோம். 'ஆறாவது வாரம்' தியாகதுருகம். 'பத்தாவது வாரம்' எலவனாசூர்கோட்டை: போலீஸ் சேதியோ என்று சந்தேகப்பட்டு அரை நாள் நிறுத்திவிட்டோம், மன்னிக்கவும். 'பதினான்காவது வாரம்' உளுந்தூர்பேட்டை, ஒரு லாரித் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து எழுதியதாக. கட்டம் கிடைக்காத ஊர்க்காரர்கள் ஓரத்தில் இடுக்கி இடுக்கி எழுதியிருந்தார்கள். 'ஒன்பதாவது மாதம்' பண்ருட்டி: காற்று கிழக்கேயிருந்து அடிக்கிறது.

அதைப் படித்ததும் எனக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. கிழக்குக் காற்று என்றால் படகைக் கரைப்பக்கம்தான் தள்ளும். அது என் அப்பா சொல்லி எனக்குத் தெரியும். அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்காது.

எல்லாவற்றுக்கும் அடியில், 'தாய் அல்லது தந்தை கையொப்பம்' என்று அச்சடித்த இடத்தில், எஞ்சின் மசியில் அழுத்தின ஒரு கட்டைவிரல் ரேகை. பெரிய ரேகை. நடுவில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா விரலைத் தூண்டில் நரம்பு அறுத்த தழும்பு அது. என் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் எல்லாம் இதே கோட்டோடுதான் கையெழுத்து விழும். பக்கத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: படகு புயலுக்கு முன்னாடியே கரை ஏறிவிட்டது, ஆள் சௌக்கியம், பாப்பா சாப்பிட்டாளா என்று கேட்கிறார்.

அந்த அட்டையை இன்றைக்கும் வைத்திருக்கிறேன். அந்த ஊர்களின் வழியே பஸ்ஸில் போகும்போதெல்லாம் சாலையோரத்தைப் பார்ப்பேன். மரத்துமேல் உட்கார்ந்திருந்தவர்கள் யார் யாரென்று எனக்குத் தெரியாது. ஒருத்தர் முகத்தையும் பார்த்ததில்லை. எத்தனை பேர் மழையில் சைக்கிள் மிதித்தார்கள் என்றும் தெரியாது. அவர்கள் பிள்ளை குட்டிகள் நன்றாக இருக்கட்டும். வேறென்ன சொல்ல?

அன்றைக்கு அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நான் சத்தம் போட்டு அழுததைக் கேட்டு அக்கா ஓடிவந்தாள். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று அவளுக்குப் புரியவில்லை. அண்ணன்தான், அவங்கப்பா வந்துட்டாரு போலக்குது என்றார். அக்கா திரும்பி உள்ளே போனாள். பானையை நகர்த்தும் சத்தம் கேட்டது. வரும்போது கையில் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தாள். கூண்டு ஏறிய அன்றைக்கு எடுத்த வெல்லம், மூன்று துண்டு, எறும்பு வராமல் கட்டி வைத்திருந்தாள். ஒருவரும் தொடவில்லை. அணை வழிந்தும் தொடவில்லை.

ஒரு துண்டை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். இந்தத் தடவை கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டாள்.

"இப்ப துன்னலாமா, நர்சம்மா?"

நான் வாயைத் திறந்தேன்.