மூன்று கட்டை டார்ச்சும் என் சிவந்த கண்ணும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் கஞ்சாவைப் பிடிக்க ஒரு டார்ச் லைட் வாங்கினார்கள். மூன்று பேட்டரிக் கட்டை போடுகிற நீளமான டார்ச். வாங்கியவர் தலைமையாசிரியர்.

எழுபதுகளின் நடுவில், புதுத்துறைமுகம் வந்த சமயம். ஊருக்குள் லாரிகளும் வெளியூர் முகங்களும் பெருகியிருந்தன. கூடவே கஞ்சாவும் வந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த உடைமரக் காட்டில் விற்கிறது என்று யாரோ தலைமையாசிரியர் காதில் போட்டுவிட்டார்கள். அவர் தாமிரபரணிக் கரையில் நெல் விளையும் ஊர்க்காரர். நல்ல மனிதர். எங்களைத் தன் வயலில் நிற்கும் பயிர் மாதிரி நினைத்தவர். பயிரில் பூச்சி விழுந்தால் சும்மா இருப்பாரா? திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் பெரிய வகுப்புப் பையன்கள் எல்லோருடைய கண்ணையும் பார்க்கப் போகிறேன், கஞ்சா குடித்தவன் கண் சிவந்திருக்கும், சிவந்தவனுக்கு டி.சி.தான் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறிவித்தார்.

கஞ்சா பச்சையா கறுப்பா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் என் கண் சிவந்திருக்கும். கடற்கரைத் தெருப் பையன்கள் அத்தனை பேர் கண்ணும் சிவந்துதான் இருக்கும். தினமும் காலையில் கடலில் விழுந்து, உப்புத்தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தபடி அடிமணலில் சங்கு தேடுவோம். உள்ளே போய்க் கண்ணை மூடுகிறவன் ஆம்பளை இல்லை என்பது எங்கள் சட்டம். சங்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. சட்டத்தை மட்டும் ஒருநாளும் விட்டதில்லை.

மற்றவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாவனுக்கும் சிவந்திருந்தால் எத்தனை பேருக்கு டி.சி. கொடுப்பார் என்று கேட்டான் என் கூட்டாளி. அறிவான பேச்சு. ஆனால் நான் பயப்பட ஆரம்பித்துவிட்டால் அறிவான பேச்சு எதுவும் காதில் ஏறாது. கப்பலில் வேலை பார்த்த தாய்மாமா, பதினோராவதை முடித்து நன்னடத்தைச் சான்றிதழோடு வா, உன்னையும் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். அப்பா இல்லாத வீடு. அந்த வேலையைப் பற்றி அம்மா தெருவில் சொல்லாத ஆள் பாக்கியில்லை. சான்றிதழில் கஞ்சா என்று எழுதிவிட்டால் கப்பலை விடுங்கள், வள்ளத்தில்கூட என்னை ஏற்றமாட்டார்கள்.

சனிக்கிழமை கடலுக்குப் போகவில்லை. அப்படியே விட்டிருந்தால் கண் தானாக வெளுத்திருக்கும். விட்டேனா? ரசம் போன கண்ணாடியில் இமையைப் பிதுக்கிப் பிதுக்கிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கச் சிவந்தது. குளிர்ச்சி என்று நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி ஒற்றினேன். அது போதாதென்று விளக்கெண்ணெய் விட்டேன். இதற்குள் கவலையில் தலை வலித்தது. நெற்றியில் தைலம் தேய்த்தேன். தேய்த்த கையாலேயே கண்ணையும் தேய்த்தேன்.

நான் போட்ட சத்தத்தில்தான் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது.

அக்கா அப்போது பிள்ளை பெற்று எங்கள் வீட்டில் இருந்தாள். கண்ணுக்குத் தாய்ப்பாலைவிட மருந்து கிடையாது என்பது எங்கள் தெருவின் தீர்ப்பு. பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற சங்கில் கொஞ்சம் பால் எடுத்து வந்து, என் தலையை இழுத்து மடியில் போட்டாள்.

"கண்ணத் தொறலே மூதி. பச்சப்புள்ள வாயில போறத எரும கண்ணுல ஊத்துதேன். கப்பலுக்குப் போனா எனக்கு என்னலே கொண்டாருவ?"

என்ன வேண்டும் என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"ஒரு கொடை. பட்டனத் தட்டுனா படக்குனு விரியணும்."

தொட்டிலில் பால் பறிகொடுத்தவன் வீறிட்டான். நானும் கூடவே வீறிட்டேன்.

திங்கட்கிழமை வரிசையில் நின்றோம். தலைமையாசிரியர் வலது கையில் டார்ச்சைப் பிடித்து, இடது கைக் கட்டைவிரலால் ஒவ்வொருவன் கீழிமையையும் இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். வயற்காட்டு ஊர்ப் பையன்கள் கண் வெள்ளைவெளேர். எங்கள் தெருப் பையன்கள் ஒவ்வொருவனாகத் தனியே நிறுத்தப்பட்டார்கள். எல்லாம் கடலால் வந்தது என்றான் கூட்டாளி. கடல் நீலமாகத்தானே இருக்கிறது, கண் ஏன் சிவக்கிறது என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டு அடுத்தவன் இமைக்குப் போனார்.

என் முறை வந்தது. அவர் டார்ச்சைத் தூக்கவே இல்லை. அதற்குள் என் வாய் திறந்துவிட்டது.

"கஞ்சா இல்ல சார். எங்கக்கா பாலு."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் குனிந்து என் முகத்தை மோந்தார். பால், விளக்கெண்ணெய், தைலம். இப்படி ஒரு கஞ்சாவைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை போலும். குழம்பிப்போய் என்னையும் தனியே நிறுத்தினார். வியாழக்கிழமை எல்லோரும் வீட்டிலிருந்து ஆளைக் கூட்டிவர வேண்டும், அன்றைக்கு டி.சி. பற்றி முடிவு என்றார்.

ஆனால் எங்களில் ஒருவனுக்கு நிஜமாகவே கண்நோவு. தலைமையாசிரியரின் கட்டைவிரல் அதை வரிசை நெடுகப் பரிமாறிவிட்டிருந்தது. புதன்கிழமை வயற்காட்டுப் பையன்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்கள். வியாழக்கிழமை பாதி பள்ளிக்கூடம் வரவில்லை. அம்மாக்களும் மாமாக்களும் அறைக்குள் போனபோது தலைமையாசிரியர் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தாராம். கண்ணைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. பரீட்சை வருகிறது, பிள்ளைகளை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார் என அம்மா வந்து சொன்னாள்.

தெருவே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. டி.சி.யை விட்டவர் அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்துவைத்து நன்னடத்தையில் காட்டினால்?

அன்று சாயங்காலம் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். சேலை முந்திக்குள் ஒரு சின்ன டம்ளர். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். சாருக்குக் கண்ணே திறக்க முடியவில்லை, உங்கள் வீட்டில் பால் கிடைக்கும் என்று உங்கள் தம்பி வரிசையில் சொன்னானாம் என்றார் அக்காவிடம்.

அக்கா உள்ளே போய் டம்ளரில் பாலோடு வந்தாள். கொடுக்கிற நேரத்தில் கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கண்ணு தெளியுத மட்டும் தெனம் வந்து வாங்கிக்கிடுங்க யக்கா. எந்தம்பிக்கு நன்னடத்தைல மட்டும் சாரைப் பாத்து எழுதச் சொல்லுங்க."

"நான் சொல்லாம அவுக என்னைக்கு எழுதியிருக்காக? குடும்மா" என்றார் அந்த அம்மாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அப்படி என் மருமகன் பாலில் நானும் தலைமையாசிரியரும் பங்காளிகளானோம். டார்ச்சை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. சான்றிதழில் 'மிக நன்று' என்றிருந்தது. கப்பல் ஏறினேன். முதல் விடுப்பில் ஜப்பானிலிருந்து குடை வந்தது. பட்டனைத் தட்டினால் படக்கென்று விரியும்.

எங்கள் ஊரில் மழை எங்கே பெய்கிறது? அக்கா அதை ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசைக்கு விரித்துப் பிடித்துக்கொண்டு போவாள். குடை எங்கே வாங்கியது என்று யாராவது கேட்டால் போதும்; நடுத்தெருவில் நின்று என் கண்ணில் பால் ஊற்றியதிலிருந்து ஆரம்பித்துவிடுவாள். நான் கூடப் போனால், கதை முடிகிறவரை குடைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்பேன்.